இரண்டு இரவு, ஓர் ஏரி: கோமோவா, மஜோரேவா, ஓர்த்தாவா, இசேயோவா?

அம்மாவின் முழங்காலிலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் தம்பியும் அவன் மனைவியும் அம்மாவை அழைத்துக்கொண்டு மிலானுக்கு வருகிறார்கள். தம்பிக்குத் திங்கள்கிழமை முதல் இங்கே அலுவலக வேலை. அதற்கு முன் எங்களுக்குக் கிடைப்பது வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலை வரை. கார் இல்லை. அம்மா சமதரையில் அரைமணி நேரம் சளைக்காமல் நடப்பார். படி என்றால் பத்துப் படிக்கு ஒரு முறை நிற்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம். தண்ணீர் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டும்."

"ஏரி என்றால் கோமோதானே அக்கா? அங்கேயே போய்விடலாமே" என்றான் தம்பி. மிலானில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். கோமோ, மஜோரே, ஓர்த்தா, இசேயோ, கார்தா என்ற ஐந்து ஏரிகளுக்கும் ஒரு முறைக்கு மேல் போயிருக்கிறேன். அவனுக்கு உடனே "சரி" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வடக்கு இத்தாலியின் பெரிய ஏரிகள் எல்லாம் ஆல்ப்ஸிலிருந்து இறங்கிய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்குகள். அதனால் அவை நீண்டும் ஒடுங்கியும் மிக ஆழமாகவும் இருக்கின்றன. கோமோவின் ஆழம் 400 மீட்டருக்கு மேல். அதன் நீர்மட்டமோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர்தான். அப்படியானால் ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. மலை அதே வேகத்தில் தண்ணீருக்குள் இறங்குவதால் கரையில் சமதரை சொற்பம். ஊர்களைப் படிக்கட்டாகத்தான் கட்டியிருக்கிறார்கள். படங்களில் அழகாகத் தெரியும் அந்தக் கல்படிச் சந்துகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு வேளையும் ஏறி இறங்க வேண்டிய வழி.

இரண்டாவது விஷயம், ஓய்வு. ஓரிடத்தில் எத்தனை முறை கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் ஓய்வை அளக்கிறேன். அடுத்த படகு எப்போது, கடைசிப் படகு எப்போது, அரண்மனைக்கு முன்பதிவு எத்தனை மணிக்கு என்று நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏரி கண்ணில் படாது. இந்த ஏரிகள் எல்லாவற்றிலும் காலை பத்து மணிக்கு வந்து குவியும் கூட்டம் மாலை ஆறு மணிக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பிறகு தண்ணீர் கறுக்கும். எதிர்க்கரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் இரவு தங்கச் சொல்கிறேன். ஆகவே எந்த ஏரி என்பதைவிட எந்தக் கரையில் படுத்து எழுகிறோம் என்பதே பெரிய கேள்வி.

கார்தாவை முதலிலேயே விலக்கிவிடுகிறேன். இத்தாலியின் மிகப் பெரிய ஏரி அது. சுமார் 370 சதுர கிலோமீட்டர், தெற்கிலிருந்து வடக்காக 50 கிலோமீட்டருக்கு மேல். தெற்குக் கரையில் இருக்கும் தெசென்சானோவும் பெஸ்கியேராவும் மிலான்–வெனிஸ் ரயில் பாதையில் இருப்பதால் போய்ச் சேர்வது சுலபம். சிர்மியோனேயின் கோட்டையும் ரோமானிய மாளிகை இடிபாடுகளும் வெந்நீர் ஊற்றும் பார்க்கத் தகுந்தவை. ஆனால் மலை தொடங்குவதும் ஏரி ஒடுங்கி அழகாவதும் வடக்கே, மல்செசினே, ரீவா பக்கம். ரயில் அங்கே போகாது. சாதாரணப் படகில் போனால் அரை நாள் கரைந்துவிடும். ஒரு வாரம் இருந்தால் கார்தாவுக்கே போங்கள் என்பேன். இரண்டு இரவுக்கு அது மிகப் பெரிய ஏரி.

இனி கோமோ. தம்பியின் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில ஒய் எழுத்து போன்ற அந்த ஏரியின் மூன்று கைகளும் சேரும் இடத்தில் பெல்லாஜோ, வரென்னா, மெனாஜோ என மூன்று ஊர்கள் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே படகில் நடு ஏரிக்கு வந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அதற்கு ஈடான காட்சி இந்த ஐந்து ஏரிகளில் வேறெங்கும் இல்லை. இதை மறுத்துப் பேச என்னால் முடியாது. மிலான் மத்திய நிலையத்திலிருந்து வரென்னாவுக்கு நேரடி ரயில், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வரென்னாவிலிருந்து பெல்லாஜோ படகில் கால் மணி நேரம். வில்லா கர்லோத்தா, வில்லா மெல்சி, வில்லா மொனாஸ்தெரோ, லென்னோ ஊரருகே ஏரிக்குள் நீளும் நிலமூக்கின் நுனியில் நிற்கும் பல்பியானெல்லோ என்று தோட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. கோமோ நகரிலிருந்து புருனாத்தே மலைக்கு 1894இலிருந்து ஓடும் இழுவை ரயில் உண்டு. பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே வகை. தம்பி மனைவி சைவம். பக்கத்து வல்தெல்லினா பள்ளத்தாக்கின் பித்சோக்கெரி, பக்வீட் மாவுப் பட்டையில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்தது, அவளுக்குப் பிடித்துப்போகும்.

ஆனால் இவ்வளவும் உலகத்துக்கே தெரியும். நல்ல பருவத்தில் ஒரு சனிக்கிழமை காலை வரென்னா ரயிலில் ஏறினால் பெட்டி வைக்க இடம் கிடைக்காது. நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் ஒரே திசையில், ஒரே படகுத்துறைக்கு நடப்பார்கள். அங்கே வரிசை. பெல்லாஜோவில் இறங்கினால் மேலே போகும் படிக்கட்டுச் சந்துகளில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். ஜூலை மாத ஞாயிறு மாலை ஒன்றில் நான் பெல்லாஜோ துறையில் நின்றது நினைவிருக்கிறது. முதல் படகு நிறைந்து போனது; இரண்டாவதும் நிறைந்து போனது. என் முன்னால் நின்ற முதியவர் ஒருவர் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் அவ்வளவு அழகு இருந்தும் யாரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அம்மாவை நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. செப்டம்பரிலும் வார இறுதிகளில் கூட்டம் குறைவதில்லை. வேலை நாளில் இரண்டு நாள் கிடைத்தால், அல்லது இளம் கால்களோடு வந்தால், வரென்னாவில் தங்குங்கள். காலை எட்டு மணிப் படகில் ஏறிவிடுங்கள். அந்த நேரத்து ஏரி வேறு.

மஜோரேவைப் பற்றி யோசித்தபோது ஒரு கட்டத்தில் முடிவு அதுவாகவே இருக்கும் என்று நினைத்தேன். மிலானிலிருந்து தோமோதோசோலா போகும் பாதையில் ஸ்திரேசாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் இறங்கினால் ஏரிக்கரை. கரையோரம் நெடுகச் சமதரை நடைபாதை, மரநிழல், உட்காரப் பலகைகள், எதிரே மூன்று தீவுகள். அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல கரை கிடையாது.

அந்தத் தீவுகளில் ஈசோலா பெல்லா, பொர்ரோமேயோ குடும்பம் 1632இல் ஒரு பாறைத் திட்டின் மேல் கட்டத் தொடங்கிய அரண்மனை. அக்குடும்பத்தின் மூன்றாம் கார்லோ தன் மனைவி இசபெல்லாவின் பெயரால் அந்தத் தீவை அழைத்தார். தோட்டம் பத்து அடுக்காக மேலேறுகிறது. வெள்ளை மயில்கள் உலாவுகின்றன. எனக்குப் பிடித்தது அடுத்த தீவான ஈசோலா மாத்ரே. அங்கே காஷ்மீர் சைப்ரஸ் மரம் ஒன்று நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இமயமலையிலிருந்து வந்த விதையில் முளைத்தது. 2006 கோடையில் ஒரு சூறைக்காற்று அதை வேரோடு சாய்த்துவிட்டது. அவ்வளவு முதிய மரத்தை வெட்டி அகற்றாமல், தூக்கி நிறுத்தி, எஃகுக் கம்பி வடங்களால் கட்டித் தாங்கினார்கள், பிழைத்துக்கொண்டது. அந்த மரத்தடியில் நிற்பதற்காகவே ஒரு முறை போகலாம். மூன்றாவது தீவு மீனவர் தீவு. ஓரிரு சிறிய விடுதிகள் உண்டு, இரவு தங்கினால் கூட்டம் போன பின் ஊர் அமைதியாகிவிடும்.

பின் ஏன் மஜோரே இல்லை? தீவுகள் எதிரே தெரியும்போது போகாமல் இருக்க முடியாது. போனால் அரண்மனை, அடுக்குத் தோட்டம், டிக்கெட், வரிசை, படி. "சுற்றிக் காட்ட வேண்டாம்" என்ற அம்மாவை மூன்று தீவுகளுக்கும் இழுத்துக்கொண்டு போவோம் என்று எனக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரியும். ஸ்திரேசா ஊரும் பெரிய ஹோட்டல்களுக்காக வளர்ந்த ஊர். கரையோரச் சாலையில் வண்டிகள் ஓய்வதில்லை. மழை வந்தால் அரண்மனைகள் கைகொடுக்கும் என்பது மஜோரேவின் பலம். அவை குளிர்காலத்தில் மூடியிருக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரையில் வருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஓர்த்தா வேறு கதை. என் மனம் இருப்பது அங்கேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18 சதுர கிலோமீட்டர். மஜோரேவின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்ற ஏரிகளின் தண்ணீர் தெற்கே சமவெளியை நோக்கி வடியும்போது ஓர்த்தாவின் தண்ணீர் வடக்கே ஒமெஞ்ஞா வழியாக, ஆல்ப்ஸை நோக்கி வெளியேறுகிறது. ஓர்த்தா சான் ஜூலியோ ஊருக்குள் வண்டிகள் வருவதில்லை. சதுக்கத்தின் மூன்று பக்கம் வீடு, நான்காவது பக்கம் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே 400 மீட்டர் தள்ளி ஒரு சின்னத் தீவு. புனித ஜூலியோ அந்தத் தீவிலிருந்த பாம்புகளையும் டிராகன்களையும் விரட்ட, தன் மேலாடையைத் தண்ணீரில் விரித்து அதன்மேல் ஏறிக் கடந்து போனார் என்பது ஊர்க்கதை. 1973இலிருந்து அங்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் மடம் இருக்கிறது. தீவைச் சுற்றி ஒரே ஒரு சந்து. ஒரு திசையில் நடந்தால் மௌனத்தைப் பற்றிய வாசகப் பலகைகள், எதிர்த் திசையில் நடந்தால் தியானத்தைப் பற்றியவை. கால் மணி நேரத்தில் சுற்றிவிடலாம். நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகச் சுற்றியதில்லை.

இந்த ஏரி ஒரு முறை செத்துப் பிழைத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1926இல் தெற்குக் கரையில் தொடங்கிய செயற்கைப் பட்டு ஆலை ஒன்றின் கழிவில் தாமிரமும் அம்மோனியம் சல்ஃபேட்டும் கலந்திருந்தன. சில ஆண்டுகளிலேயே மீன்கள் அழிந்தன. தண்ணீர் அமிலமாகிப் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 1989, 1990 ஆண்டுகளில் படகுகளில் ஆயிரக்கணக்கான டன் சுண்ணாம்புக்கல் பொடியைக் கொண்டுபோய் ஏரியில் தூவினார்கள். அமிலம் தணிந்தது, உயிர்கள் மெல்லத் திரும்பின. இன்று குழந்தைகள் அதில் நீந்துகிறார்கள். ஓர்த்தாவின் கரையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுண்ணாம்புப் படகுகள் நினைவுக்கு வரும்.

அப்படியிருந்தும் இந்த முறை ஓர்த்தாவை நான் தேர்வு செய்யவில்லை. காரணம் வழி. மிலானிலிருந்து நோவாராவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். அந்தக் கிளைப் பாதையில் ரயில்கள் குறைவு, ஞாயிறுகளில் இன்னும் குறைவு. ஓர்த்தா நிலையம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மேட்டில் இருக்கிறது. போகும்போது இறக்கம், திரும்பும்போது பெட்டியோடு ஏற்றம். டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் உண்டு. ஞாயிறு மாலை ஒரு ரயிலைத் தவறவிட்டால் திங்கள் காலை தம்பியின் வேலை ஆட்டம் காணும். அந்த நினைப்பு ஞாயிறு மதியத்தையே கெடுத்துவிடும். கார் இருப்பவர்களுக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஓர்த்தாவுக்குப் போகலாம்.

கடைசியாக இசேயோ. பிரேஷாவுக்கும் பெர்கமோவுக்கும் நடுவில், கோமோவுக்கும் கார்தாவுக்கும் இடையில் இருப்பதால் எல்லோரும் தாண்டிப் போகும் ஏரி. 65 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே, தண்ணீரிலிருந்து 400 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் ஒரு மலை: மோந்தே ஈசோலா, இத்தாலியின் ஏரித் தீவுகளில் மிகப் பெரியது. சுமார் 1,700 பேர் வாழ்கிறார்கள். கார் கிடையாது. உள்ளூர்க்காரர்களின் மோட்டார் சைக்கிளும் ஒரு சிறு பஸ்ஸும் மட்டும் ஓடுகின்றன.

2016இல் ஒரு முறை உலகம் இந்தத் தீவைத் திரும்பிப் பார்த்தது. கிறிஸ்டோ என்ற கலைஞர் சுல்சானோ கரையிலிருந்து தீவுக்கும், அங்கிருந்து பக்கத்துச் சின்னத் தீவான சான் பாவ்லோவுக்கும் மஞ்சள் துணி போர்த்திய மிதவைப் பாதை அமைத்தார். மொத்தம் 3 கிலோமீட்டர். ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை பதினாறு நாட்களில் சுமார் 12 லட்சம் பேர் தண்ணீரின் மேல் நடந்தார்கள். பிறகு அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கூட்டமும் போய்விட்டது. தீவு மறுபடி தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது.

அந்த வேலை மீனும் வலையும். வலை பின்னுவது இங்கே நூற்றாண்டுகளாக நடந்துவரும் தொழில். ஏரியில் பிடிக்கும் ஒரு வகை மத்தி போன்ற மீனை உப்பிட்டு, வளைந்த மரக்கிளைகளில் வரிசையாகக் கோத்து வெயிலில் காயவைத்து, பிறகு எண்ணெயில் ஊறவைக்கிறார்கள். பரிமாறும்போது சுட்டு, மக்காச்சோளமாவுக் களியோடு தருகிறார்கள். கருவாடும் களியும்! முதல் முறை அந்தத் தட்டைப் பார்த்தபோது அம்மாவை ஒரு நாள் இங்கே அழைத்து வர வேண்டும் என்று நினைத்தேன். சைவக்காரர்களுக்குக் காளானோ பாலாடைக்கட்டியோ சேர்த்த களி கிடைக்கும். கசொன்செல்லி என்ற உள்ளூர் மாவடைக்குள் இறைச்சி இருக்கும். ரிசோட்டோ என்ற அரிசி உணவையும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பது வழக்கம். தம்பி மனைவி எதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இது ஐந்து ஏரிகளுக்கும் பொது.

முழங்கால் கணக்குக்கு வருகிறேன். படகு வந்து சேரும் பெஸ்கியேரா மராலியோ, தண்ணீரை ஒட்டி நீளும் மீனவர் கிராமம். அங்கிருந்து தெற்குக் கரை வழியாக சென்சோலே வரை கரையோரப் பாதை. ஏற்றமில்லை, ஒரு பக்கம் ஆலிவ் மரம், மறுபக்கம் ஏரி. அம்மாவின் நடையில் அரைமணி நேரம். முழுத் தீவையும் சுற்ற 9 கிலோமீட்டர். மேற்குப் பக்கம் ஏற்றம் உண்டு, அது எங்களுக்கு வேண்டாம். வழியோ, மிலானிலிருந்து பிரேஷாவுக்கு விரைவு ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள். அங்கே மாறி சுல்சானோவுக்கு ஏறக்குறைய இன்னொரு நாற்பது நிமிடம். நிலையத்திலிருந்து துறைக்கு ஐந்து நிமிடச் சரிவு. படகில் ஐந்து நிமிடம். படகுகள் அடிக்கடி வருவதால் நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஒரு முறை மாற வேண்டியிருப்பது குறைதான். ஆனால் பிரேஷா–மிலான் பாதையில் இரவு வரை ரயில்கள் இருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று வரும். சுல்சானோ கிளைப் பாதையில் சில நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும். கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

இசேயோவின் குறைகளையும் தம்பியிடம் மறைக்கவில்லை. கோமோவின் பிரம்மாண்டம் இங்கே இல்லை. மேற்குக் கரையில் ஒரு சிமென்ட் ஆலையும் அதற்காக வெட்டிய மலையும் கண்ணில் படும். அரண்மனை இல்லை, புகழ்பெற்ற தோட்டம் இல்லை. விடுதிகள் குறைவு, நல்ல அறைகள் சீக்கிரம் போய்விடும். தீவில் டாக்சி கிடையாது, பெட்டியை நாமே இழுக்க வேண்டும். அதனால் துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுப்பது அவசியம். எட்டிப் பார்த்து வியக்க எதுவும் இல்லாததாலேயே உட்கார முடிகிறது என்பது என் அனுபவம். வேறு ஒருவருக்கு இது சலிப்பாக இருக்கலாம். முதல் முறை இத்தாலிக்கு வரும் இளம் தம்பதிக்கு நான் மோந்தே ஈசோலாவைச் சொல்லமாட்டேன்.

தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கோமோவைப் பார்க்காமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வது?" என்று கேட்டான். அவன் வேலை முடியும் வாரத்தில் ஒரு புதன்கிழமை அவனும் மனைவியும் காலை முதல் ரயிலில் வரென்னா போய் இரவு திரும்பலாம் என்றேன். ஒரே பகலில் பார்க்க கோமோ சிறந்த ஏரி. உடனே ஒப்புக்கொண்டான்.

சில நடைமுறை விஷயங்கள். வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏற வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும், முன்கூட்டியே அறிவிப்பார்கள். அப்போதும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடும், எனவே எங்கள் வெள்ளிப் பயணத்தை மாலை ஆறு மணிக்குப் பின் வைத்திருக்கிறேன். சிற்றூர்ச் சமையலறைகள் மதியம் இரண்டரைக்கு மூடினால் இரவு ஏழுக்குத்தான் திறக்கும். அம்மாவுக்காகப் பிஸ்கட்டும் பழமும் கையில் இருக்க வேண்டும். ஞாயிறு மழை பிடித்துக்கொண்டால் காலையிலேயே பிரேஷாவுக்கு வந்துவிடுவோம். அங்கே சாந்தா ஜூலியா அருங்காட்சியகமும் பக்கத்தில் ரோமானியக் கோயிலின் தூண்களும் இருக்கின்றன. மாலை வரை நனையாமல் கழிக்கலாம்.

மழை இல்லையென்றால் சனிக்கிழமைக்கு ஒரே ஒரு திட்டம்தான். தம்பியும் அவன் மனைவியும் மலையுச்சியில் இருக்கும் செரியோலா மாதா கோயிலுக்கு ஏறுவார்கள். நானும் அம்மாவும் சென்சோலேயில் ஆலிவ் மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். அவர்கள் பன்னிரண்டரைக்குக் கீழே வந்தால் போதும். சமையலறை அதுவரை திறந்திருக்காது.